பெரிய பூதக்கண்ணாடி ஏன் உதவவில்லை?

பெரியம்மாவின் மேசை இழுப்பறையில் நான்கு பூதக்கண்ணாடிகள் கிடந்தன. நான்கும் நான்கு பேர் வாங்கிக் கொடுத்தவை. அதில் ஒன்று என்னுடையது. இருப்பதிலேயே பெரியது ஒரு ஆப்பத்தின் அளவு இருந்தது, வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன் கொண்டுவந்தது. "இவ்வளவு பெரிய கண்ணாடியிலேயே எழுத்து தெரியவில்லை என்றால் இனி எதில் தெரியப்போகிறது?" என்று பெரியம்மா முடிவுகட்டிவிட்டார். தினசரி காலண்டரில் ராகுகாலம் பார்ப்பதை விட்டார். பேப்பரை விட்டார். மாத்திரை அட்டையைப் படிக்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட ஆரம்பித்தார்.

அவர் கண்ணில் குறைபார்வை என்ற கோளாறு இருந்தது உண்மைதான். ஆனால் அவர் போட்ட கணக்கு தவறு. அந்தக் கண்ணாடி பெரிதாக இருந்ததால்தான் அது அவருக்கு உதவவில்லை. பூதக்கண்ணாடி வாங்கப் போகும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. எனக்கும் அன்று தெரியாது.

முதலில் குறைபார்வை என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாற்பதைத் தாண்டியதும் பேப்பரைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறோமே, அது வெள்ளெழுத்து. மூக்குக் கண்ணாடி போட்டால் போதும். கண்புரை விழுந்தால் அறுவை சிகிச்சை இருக்கிறது. குறைபார்வை இந்த இரண்டிலும் சேராது. சரியான கண்ணாடி போட்டு, செய்ய வேண்டிய சிகிச்சையையெல்லாம் செய்த பிறகும் முழுதாகத் திரும்பாத பார்வை அது. முழுதாகப் போய்விடாத பார்வையும்கூட. வீட்டிலுள்ளவர்களுக்குக் குழப்பம் வருவது இங்கேதான். "கீழே கிடந்த ஊசியை எடுத்தாளே, என் முகம் மட்டும் தெரியாதாமா?" என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி தெரிந்து முகம் தெரியாமல் இருக்கலாம். நடிப்பு ஒன்றும் இல்லை.

கண் மருத்துவர் சீட்டில் 6/60 என்று எழுதியிருந்தால், சாதாரணக் கண் 60 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இந்தக் கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கும் என்று பொருள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டில் நல்ல கண்ணில் கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 6/18க்கு மிகாமல் 3/60 வரை இருந்தால் அதைக் குறைபார்வை என்கிறது. எழுத்து நன்றாகத் தெரிந்தாலும் பார்வை விரியும் பரப்பு 40 பாகைக்குக் கீழே, 10 பாகை வரை சுருங்கிவிட்டால் அதுவும் குறைபார்வைதான்.

பார்வை எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைவதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. வயதானவர்களுக்கு விழித்திரையின் மையப் பகுதியான மாக்குலா தேய்ந்துபோனால், பார்க்கும் இடத்தின் நடுவில் ஒரு கறை உட்கார்ந்துகொள்ளும். ஓரம் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. பெரியம்மாவுக்கு இதுதான். கிளாக்கோமா என்ற கண் நீர் அழுத்த நோய் முற்றினால் நிலைமை தலைகீழ்: ஓரங்கள் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் மூங்கில் குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டால் ஆங்காங்கே திட்டுத் திட்டாகப் போகலாம். ஒருவருக்கு உதவும் சாதனம் இன்னொருவருக்கு ஏன் உதவுவதில்லை என்பதற்குப் பாதிக் காரணம் இந்த வேறுபாடுதான்.

லென்ஸ் உண்மையில் என்ன செய்கிறது?

பூதக்கண்ணாடி எழுத்தை ஊதிப் பெரிதாக்குகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அதைவிட எளிமையான வேலையைத்தான் அது செய்கிறது: எழுத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுவர உதவுகிறது.

ஒரு புத்தகத்தை 25 செ.மீ. தூரத்தில் வைத்துப் படிக்கிறோம். அதையே 5 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் விழித்திரையில் விழும் எழுத்து ஐந்து மடங்கு பெரிதாகும். லென்ஸே தேவையில்லை. குழந்தைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பார்வை குறைந்த பிள்ளை புத்தகத்தை மூக்கில் முட்டும்படி வைத்துப் படிக்கும், தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்காரும். கண் கெட்டுவிடும் என்று நாம் அதட்டுகிறோம். கண் அதனால் கெடாது. அந்தப் பிள்ளை காசு செலவில்லாமல் ஒரு பூதக்கண்ணாடியைச் செய்துகொண்டிருக்கிறது. சிறுவர்களின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நன்றாக வளைந்து கொடுப்பதால் அவ்வளவு கிட்டத்திலும் எழுத்து தெளிவாக விழுகிறது. அறுபது வயதுக் கண்ணின் லென்ஸ் வளையாது. கிட்டக் கொண்டுபோனால் எழுத்து பெரிதாகும், ஆனால் கலங்கிவிடும். அந்தக் கலங்கலைத் தெளியவைப்பதுதான் பூதக்கண்ணாடியின் வேலை.

இப்போது அந்த ஆப்பத்துக்கு வருவோம். பூதக்கண்ணாடி என்பது ஒரு கண்ணாடி உருண்டையிலிருந்து சீவி எடுத்த வில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயத் துறவி ரோஜர் பேகன் 1267 வாக்கில், முதியவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் உதவும் கருவி என்று எழுதியது இப்படியொரு உருண்டையின் துண்டைத்தான். எலுமிச்சையிலிருந்து ஒரு வில்லை சீவினால் அது நன்றாகக் கூன் விழுந்து இருக்கும். பூசணியிலிருந்து அதே அளவு சீவினால் கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். கூன் அதிகமானால் லென்ஸின் பவர் அதிகம். ஆனால் எலுமிச்சையிலிருந்து எலுமிச்சையைவிடப் பெரிய வில்லையைச் சீவ முடியுமா? அதனால்தான் பவர் அதிகமான கண்ணாடி சிறிதாகவே இருக்கும். கைக்கு அடக்கமில்லாத பெரிய கண்ணாடி பூசணிப் பத்தை. இரண்டு மடங்கு பெரிதாக்கினாலே அதிகம்.

லென்ஸின் பவரை டயாப்டர் என்ற அளவில் சொல்வார்கள். லென்ஸுக்கும் அது ஒளியைக் குவிக்கும் இடத்துக்கும் உள்ள தூரம் குவியத் தூரம். 100 செ.மீ.யை அந்தக் குவியத் தூரத்தால் வகுத்தால் டயாப்டர் வந்துவிடும். 10 செ.மீ.யில் குவியும் லென்ஸ் 10 டயாப்டர், 5 செ.மீ. என்றால் 20 டயாப்டர். அதை நான்கால் வகுத்தால் எத்தனை மடங்கு பெருக்கும் என்று தெரியும்: 10 டயாப்டர் இரண்டரை மடங்கு, 20 டயாப்டர் ஐந்து மடங்கு.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பகல் நேரத்தில் அறையின் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் அருகே பூதக்கண்ணாடியைப் பிடியுங்கள். மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் ஜன்னல் கம்பிகளும் வெளியே உள்ள மரமும் சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழும். அப்போது லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரம்தான் குவியத் தூரம். அந்த ஆப்பக் கண்ணாடிக்கு நான் அளந்தபோது ஏறக்குறைய 25 செ.மீ. வந்தது. 4 டயாப்டர், அதாவது ஒரு மடங்கு! பெரியம்மா இத்தனை நாள் ஜன்னல் கண்ணாடி வழியே பேப்பர் படிக்க முயன்றிருக்கிறார் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 'இத்தனை மடங்கு' என்பதை அப்படியே நம்ப வேண்டாம். சில தயாரிப்பாளர்கள் நான்கால் வகுத்து அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்கிறார்கள். ஆக, ஒரே 10 டயாப்டர் லென்ஸ் ஒரு கடையில் இரண்டரை மடங்காகவும் இன்னொரு கடையில் மூன்றரை மடங்காகவும் விற்கும். டயாப்டர் எவ்வளவு என்று கேட்டு வாங்குவதே சரி.

யாருக்கு எவ்வளவு டயாப்டர் தேவை என்பதற்குக் கண் மருத்துவத்தில் கெஸ்டன்பாம் விதி என்று ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பார்வை அளவைத் தலைகீழாகத் திருப்பி வகுத்தால் போதும். 6/60 உள்ளவருக்கு 60ஐ 6ஆல் வகுத்தால் 10 டயாப்டர். பேப்பர் எழுத்தைப் படிக்க அங்கிருந்து தொடங்கலாம். இது தொடக்கம் மட்டுமே. ஒருவருக்கு வெளிச்சம் போதாமல் இருக்கலாம், இன்னொருவருக்குக் கறுப்புக்கும் சாம்பலுக்கும் வேறுபாடு தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்கு இன்னும் கூடுதல் தேவைப்படும். குறைபார்வைப் பிரிவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான்.

கண்ணாடியைக் கண்ணருகே கொண்டுபோங்கள்

நல்ல லென்ஸ் வாங்கிக் கொடுத்தாலும் பலர் அதைப் பேப்பரின் மேலேயே வைத்துக்கொண்டு, தலையைத் தள்ளி வைத்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு சொல்கூட முழுதாகத் தெரியாது. கணக்கு இதுதான்: லென்ஸின் அகலத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கி, கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால், ஒரே பார்வையில் தெரியும் பரப்பின் அகலம் கிடைக்கும். 5 செ.மீ. அகலமுள்ள 10 டயாப்டர் லென்ஸை எடுத்துக்கொள்வோம். கண்ணை 25 செ.மீ. தள்ளி வைத்தால் தாளில் 2 செ.மீ. அகலம்தான் தெரியும். பேப்பர் எழுத்தில் அது ஐந்தாறு எழுத்துகள். 'மாநகராட்சியின்' என்ற சொல்லே உள்ளே அடங்காது. அதே லென்ஸை அதே தூரத்தில் தாளின் மேல் பிடித்தபடி கண்ணை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 5 செ.மீ. தெரியும். எழுத்தின் அளவு இரண்டிலும் ஒன்றுதான்; தெரியும் பரப்பு மட்டும் இரண்டரை மடங்கு கூடிவிடுகிறது.

ஆகவே பழக்க வேண்டிய முறை இது. லென்ஸைத் தாளின் மேல் வைத்து, எழுத்து நன்றாகப் பெரிதாகித் தெளிவாகத் தெரியும்வரை மெல்ல உயர்த்த வேண்டும். பிறகு அந்த இடைவெளி மாறாமல் லென்ஸையும் தாளையும் சேர்த்து முகத்தருகே கொண்டுவர வேண்டும். பெரியம்மாவுக்கு இது பிடிபட நான்கு நாள் ஆயிற்று. முதல் நாள் கழுத்து வலிக்கிறது என்று கண்ணாடியை மேசையில் போட்டுவிட்டார். வலி வரத்தான் செய்யும்; குனிந்து தாளைத் தேடிப் போவதால் வருவது அது. சாய்வான பலகை ஒன்றைக் கிடத்தி, பேப்பரை அதன் மேல் கிளிப் போட்டு நிறுத்தினால் தாள் முகத்தைத் தேடி வரும்.

கை நடுங்குபவர்களுக்குக் கையில் பிடிக்கும் லென்ஸ் ஒத்துவராது. பவர் கூடக் கூட இடைவெளி குறைவதால் சிறு நடுக்கத்திலும் எழுத்து கலங்கிவிடும். அவர்களுக்குக் காலுடன் வரும் பூதக்கண்ணாடி இருக்கிறது. அதைத் தாளின் மேல் வைத்து நகர்த்தினால் போதும், இடைவெளியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு நுணுக்கம்: காலுள்ள வகைக்குப் படிக்கும் கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், கையில் பிடிக்கும் வகையைக் குவியத் தூரத்தில் பிடித்தால் தூரப் பார்வைக் கண்ணாடியே போதும். இதைச் சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் தெரியவில்லை என்று இழுப்பறையில் போட்டுவிடுகிறார். அரைக் கோள வடிவில் பேப்பர் வெயிட்போல் இருக்கும் குவிமாடக் கண்ணாடி, சுற்றியுள்ள வெளிச்சத்தைத் தானே உள்ளே சேர்த்துக்கொள்ளும். பெருக்கம் கொஞ்சம்தான், ஆனால் பேப்பரின் மேல் அதை வழுக்கிக்கொண்டே போவது சுகமாக இருக்கும். இரண்டு கையும் வேலையில் இருக்க வேண்டும் என்றால், அதிக பவர் உள்ள மூக்குக் கண்ணாடி. அதைப் போட்டால் தாளை 10 செ.மீ., சில சமயம் 5 செ.மீ. வரை நெருக்க வேண்டியிருக்கும்.

ஒரே கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஆகாது. எத்தனை முறை சொன்னாலும் இதைக் கேட்க யாருக்கும் பிடிப்பதில்லை. மாத்திரை அட்டையில் 2.5 என்பதற்கும் 25 என்பதற்கும் நடுவில் ஒரு புள்ளிதான் இருக்கிறது. அதற்குச் சிறிய, பவர் கூடிய, விளக்கு வைத்த லென்ஸ் வேண்டும். கதை படிக்க அது உதவாது, அலுத்துவிடும். தமிழ் படிப்பவருக்கு இன்னொரு தொல்லை. புள்ளி கண்ணில் படாவிட்டால் 'கல்' 'கல' ஆகிவிடும். 'எடு' என்பதும் 'ஏடு' என்பதும் ஒரு சிறு கோட்டில்தான் பிரிகின்றன. பெரியம்மா பாதியைப் பார்த்தும் பாதியை ஊகித்தும் படித்துக்கொண்டிருந்தார் என்பது, அவர் ஒரு செய்தியை எனக்கு முற்றிலும் வேறாகச் சொன்ன அன்றுதான் தெரிந்தது.

மூங்கில் குழாய்ப் பார்வை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். அவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் குழாய்க்குள் அடங்கும் எழுத்துகள் குறைந்துவிடும். பத்து எழுத்து தெரிந்த இடத்தில் இரண்டு தெரியும். அவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல வெளிச்சமும் கறுத்த மையும் போதும். மையத்தில் கறை உள்ளவருக்கு வேறு பயிற்சி: கறையைச் சற்றே ஒதுக்கி, எழுத்துக்கு மேலேயோ பக்கத்திலேயோ பார்க்கப் பழகுவது. நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தை தெரிந்திருக்கும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பார்வை வெகுவாகக் குறைந்த முதியவர்கள் சிலருக்கு, இல்லாத மனிதர்களும் பூ வேலைப்பாடுகளும் கண்முன் தெரிவதுண்டு. பேய் பிடித்தது, புத்தி பேதலித்தது என்று வீடு கலங்கிப்போகும். அவர்களோ பயந்து வெளியே சொல்வதே இல்லை. கண்ணிலிருந்து செய்தி வராத இடத்தை மூளை தானே படம் வரைந்து நிரப்புகிறது, அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் சார்ல்ஸ் பொன்னே தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை 1760இல் எழுதிவைத்ததால் அவர் பெயரிலேயே இது வழங்குகிறது. மருத்துவரிடம் சொல்லுங்கள், பூசாரி தேவைப்படாது.

வெளிச்சமும் வாழை இலையும்

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பேரனுக்குப் போதுமான விளக்கு பாட்டிக்கு இருட்டு. அதற்காக உத்தரத்தில் பெரிய குழல்விளக்கு மாட்ட வேண்டாம். மேசை விளக்கை வாங்கி நகர்த்துங்கள். விளக்குக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் தாளில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். மூன்றடியிலிருந்து ஒரு அடிக்கு வந்தால் ஒன்பது மடங்கு. எந்தக் கண் நன்றாகத் தெரிகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து, பல்பு நேராகக் கண்ணில் படாதபடி மறைப்பு வைத்து. கூச்சம் உள்ளவர்களுக்கு மஞ்சள் நிற வடிகட்டிக் கண்ணாடியும் விளிம்புள்ள தொப்பியும் வெயிலில் உதவும்.

அடுத்தது நிறம். எவர்சில்வர் தட்டில் தயிர்சாதம் போட்டுக் கொடுத்துவிட்டு "பாதியை மிச்சம் வைத்துவிட்டாரே" என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. பளபளக்கும் தட்டில் வெள்ளைச் சாதம் அவருக்குத் தெரிந்திருக்காது. வாழை இலையில் போடுங்கள், ஒவ்வொரு பருக்கையும் தெரியும். பாலைக் கறுப்புக் கோப்பையிலும் காப்பியை வெள்ளைக் கோப்பையிலும் ஊற்றினால் எவ்வளவு நிரம்பியது என்று அவரே பார்த்துக்கொள்வார். படிக்கட்டின் விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டை அடித்துவிட்டால் விழுவது குறையும். படிப்பதற்கு ஒரு கறுப்பு அட்டையில் ஒரு விரல் அகலத்துக்கு நீண்ட சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். தாளின் மேல் வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும். சுற்றியுள்ள வெள்ளைத் தாளின் கூச்சமும் அடங்கும், வரி மாறிப் போகவும் செய்யாது. இதுவரை நான் சொன்னதிலேயே மலிவான சாதனம் இதுதான், பலருக்கு அதிகம் உதவுவதும் இதுதான்.

தூரத்தில் உள்ளதற்குப் பூதக்கண்ணாடி வேலை செய்யாது. பஸ்ஸின் எண்ணையும் கரும்பலகையையும் பார்க்க ஒற்றைக்கண் தொலைநோக்கி இருக்கிறது, உள்ளங்கைக்குள் அடங்கும். நின்ற இடத்தில் பார்த்துவிட்டுப் பையில் போட்டுவிட வேண்டும். அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு நடந்தால் தூரத்தில் உள்ளது பக்கத்தில் இருப்பதாகத் தோன்றி இடறும்.

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் கணித அறிஞராக இருந்த சாமுவேல் ஜெனென்ஸ்கி, தானே மிகக் குறைந்த பார்வை உடையவர். 1960களின் இறுதியில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் கேமராவையும் தொலைக்காட்சித் திரையையும் இணைத்து, தாளிலுள்ள எழுத்தைத் திரையில் பெரிதாக்கும் கருவியை உருவாக்கினார்கள். லென்ஸால் முடியாத ஒன்றை அதனால் செய்ய முடிந்தது: வெள்ளைத் தாளின் கறுப்பு எழுத்தைக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகத் திருப்பிக் காட்டுவது. கூச்சம் உள்ள கண்ணுக்கு அது பெரிய ஆறுதல். இன்று அந்தக் கருவியின் பெரும்பாலான வேலையைப் பையில் இருக்கும் கைபேசியே செய்துவிடுகிறது. ஐபோனில் 2016 முதலே உருப்பெருக்கி உள்ளேயே வருகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் அணுகல்தன்மை (Accessibility) அமைப்புகளுக்குள் திரையைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறது. எதுவும் வேண்டாம் என்றால் ஒரு படம் எடுத்து, இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள். அலமாரியின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைக் குனியாமல் படிக்க இதைவிட நல்ல வழியில்லை.

ரூபாய் நோட்டுக்கு லென்ஸ் தேவையில்லை, விரல் போதும். நூறு ரூபாயின் ஓரத்தில் சாய்ந்த மேடான கோடுகள் நான்கு, ஐந்நூறு ரூபாயில் ஐந்து. நோட்டு கசங்கி மழுங்கிவிட்டால், ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட மணி என்ற செயலி கைபேசிக் கேமராவில் பார்த்து மதிப்பைச் சொல்லும்.

வாங்குவதற்கு முன் கண்ணைக் காட்டிவிடுங்கள். ஊசியாலோ லேசராலோ நிறுத்தக்கூடிய நோயைப் பூதக்கண்ணாடியால் சமாளித்துக்கொண்டிருந்தால், இருக்கும் பார்வையும் போய்விடும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. போகும்போது, அன்றாடம் படிக்க முடியாமல் தவிக்கும் பொருளைக் கையோடு எடுத்துப் போங்கள்: மாத்திரை அட்டை, தேவாரப் புத்தகம், ஊசி நூல், எதுவானாலும். அங்கே இருக்கும் அட்டையைப் படித்துவிட்டு வீட்டில் காலண்டரைப் படிக்க முடியாமல் நிற்பதில் பயனில்லை.

லென்ஸை ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். வெயில் குவிந்து திரைச்சீலை பற்றிக்கொள்ளும். சின்ன வயதில் நாம் எல்லோரும் அதை வைத்துத் தாளை எரித்தவர்கள்தானே.

பெரியம்மாவுக்கு இப்போது இரண்டு கண்ணாடிகள். மாத்திரைக்கு எல்.இ.டி. விளக்கு வைத்த சிறிய 20 டயாப்டர். அது மருந்துப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பேப்பருக்குக் கால் வைத்த 12 டயாப்டர். காலண்டருக்கு எதுவும் வாங்கவில்லை. அது ஆறடி உயரத்தில் மாட்டியிருந்தது. ஆணியைப் பிடுங்கி அவர் முகத்துக்கு நேராக அடித்து, மேலே ஒரு விளக்கு போட்டோம். மூக்கு உரசும்படி நெருங்கி நின்று, மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்க்கிறார். சிறு வயதிலிருந்தே அவருக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும் கண் அது. அந்த ஆப்பக் கண்ணாடி பேரனிடம் போய்விட்டது. எறும்பு பார்க்கிறான்.